சுண்டெலி ரத்தக்குழாயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள்: மருந்தா, மரபணு நீக்கமா, ஒற்றை அமினோ அமிலமா?

ரத்தக்குழாய் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயை எப்படித் தளர்த்துகிறது என்று பார்க்கப் போகிறேன், எந்த நாக்அவுட் சுண்டெலி (மரபணு நீக்கிய எலி) வாங்கலாம்?" எலியை முதலில் வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்துகிற கேள்வியை அப்புறம் தேடுவது இது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கூண்டுகள் நிறைந்தன, ஒன்றரை வருடம் போனது, கையில் தேறியது இரண்டு வரைபடம்.

ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் ஏற்பிகள் மூன்று: ஆல்ஃபா, பீட்டா, ஜிபெர். ஆல்ஃபாவின் மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. பீட்டா பத்து வருடம் கழித்து, 1996இல், ஸ்வீடன் ஆய்வாளர்களிடம் பெரிய எலியின் புராஸ்டேட்டிலிருந்து கிடைத்தது. இரண்டுமே உட்கருவுக்குள் டிஎன்ஏவைப் பிடித்து மரபணுக்களை ஏற்றி இறக்குபவை. ஆல்ஃபாவில் ஒரு சிறு பங்கு மட்டும் செல் சவ்வில் ஒட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கிறது; அந்தச் சிறு பங்குதான் இந்தக் கட்டுரையின் பின்பாதியில் பெரிய ஆளாகப் போகிறது. மூன்றாவது ஜிபெர், ஜி புரதத்தோடு சேர்ந்து இயங்கும் சவ்வு ஏற்பி. எந்த ஹார்மோனுக்கு உரியது என்று தெரியாமல் ஜிபிஆர்30 என்ற பெயரில் கிடந்ததை ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்து 2005இல் இரண்டு குழுக்கள் எழுதின.

இந்த மூன்றில் எது என்ன செய்கிறது என்று பிரித்துக் காட்டக் கைவசம் நான்கு வழிகள் உண்டு. தேர்ந்தெடுத்துத் தூண்டும், தடுக்கும் மருந்துகள் ஒன்று. உடல் முழுக்க மரபணுவை நீக்கிய எலி இரண்டு. ஒரே வகைச் செல்லில் மட்டும் நீக்கிய எலி மூன்று. ஏற்பியை அப்படியே விட்டுவிட்டு அதன் ஒரு பகுதியை மட்டும் கெடுத்த எலி நான்கு. நான்கும் ஒரே கேள்விக்கு நான்கு பதில் தருபவை அல்ல. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் விடை கிடைக்காது என்பதுகூடப் பரவாயில்லை. நேர்மாறான விடை கிடைக்கும், அதுதான் ஆபத்து. அப்படி ஒரு துறையே ஐந்து வருடம் சுற்றிவந்த கதை இருக்கிறது.

மிச்சமிருந்த துண்டு

ஆல்ஃபா நீக்கிய முதல் சுண்டெலி 1993இல் வந்தது. மரபணுவின் இரண்டாம் எக்ஸானில் (புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டுகளில் ஒன்று) நியோமைசின் கேசட் என்ற அந்நிய டிஎன்ஏ துண்டைச் செருகி அதை முடக்கினார்கள். இந்த எலியின் கழுத்துத் தமனியைக் காயப்படுத்தி, ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தது ஒரு குழு. சாதாரண எலியில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் காயத்துக்குப் பின் குழாய்ச் சுவர் தடிப்பது குறையும். ஆல்ஃபா இல்லாத எலியிலும் அதேபோலக் குறைந்தது. 1997இல் அது வெளியானது. ஆல்ஃபா இல்லையென்றால் பீட்டாதான் என்று எல்லோரும் திரும்பினார்கள். பீட்டா நீக்கிய எலி 1998இல் கிடைத்தது, 1999இல் அதே சோதனை. அதிலும் பாதுகாப்பு அப்படியே இருந்தது. சரி, ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று ஈடுகட்டுகிறது போலும் என்று இரண்டையும் நீக்கிய எலியில் 2001இல் பார்த்தால், பாதிப் பலன் இன்னும் மிச்சம். அப்படியென்றால் நமக்குத் தெரியாத இன்னோர் ஏற்பி இருக்கவேண்டும் என்று பேச்சு எழுந்தது.

விடை அவ்வளவு சுவாரசியமாக இல்லை. செருகிய கேசட்டைத் தாண்டி ஆர்என்ஏ ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் குட்டையான ஆல்ஃபா புரதம் ஒன்றை அந்த எலிகள் தயாரித்துக்கொண்டிருந்தன. கருப்பைக்கு அது போதவில்லை, ரத்தக்குழாய்க்குப் போதுமாக இருந்தது. 2000இல் ஃபிரான்ஸில் துண்டே மிஞ்சாதபடி முழுக்க நீக்கிய எலி உருவானது. அதில் 2002இல் மறுபடி காயச் சோதனை செய்தபோது ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பு காணாமல்போனது. முதலிலிருந்தே ஆல்ஃபாதான்.

ஆகவே நாக்அவுட் வாங்கும்போது எலியின் பெயரைப் பார்க்காதீர்கள், எந்த எக்ஸானை எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். பீட்டாவிலும் இதே தொல்லை உண்டு. பழைய வகை எலிகளில் பெண் எலி குறைவாகவாவது குட்டி போட்டது. 2008இல் மூன்றாம் எக்ஸானைச் சுத்தமாக எடுத்த எலியில் ஆணும் பெண்ணும் மலடு. ஒரே மரபணு, ஒரே பெயர், இரண்டு வேறு எலிகள்.

உடல் முழுக்க நீக்கினால்

இவ்வளவு சொன்னதால் முழு நீக்கம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. "இந்த விளைவுக்கு இந்த ஏற்பி தேவையா?" என்ற கேள்விக்கு அதைவிட உறுதியான விடை வேறு எதிலும் வராது. 2002இல் சயன்ஸ் இதழில் வந்த பீட்டா ஆய்வு நல்ல உதாரணம்: பீட்டா இல்லாத எலிகளுக்கு வயதாக ஆக ரத்த அழுத்தம் ஏறி அங்கேயே நின்றது. ஈஸ்ட்ரோஜன் சாதாரண எலியின் ரத்தக்குழாய்ச் சுருக்கத்தைக் குறைத்தது, இந்த எலியில் கூட்டியது. மருந்து வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாதக்கணக்கில் யார் எலிக்கு பீட்டா தடுப்பான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் விலை உண்டு. ஆல்ஃபா முழுக்க இல்லாத பெண் எலியில், மூளை ஈஸ்ட்ரோஜனை உணர்வதில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் சினைப்பை சுரந்துகொண்டே இருக்கிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் எகிறிக் கிடக்கும். எலி கொழுத்தும் போகும், கொழுப்பு தனியாகவே ரத்தக்குழாயைக் கெடுக்கும். சினைப்பையை எடுத்துவிட்டு வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால்தான் ஒப்பிடவே முடியும். அதைச் செய்யாமல் "நாக்அவுட் எலியின் தமனி இப்படி இருக்கிறது" என்று எழுதினால், ஏற்பி இல்லாததன் விளைவா, மற்ற ஹார்மோன்கள் கூடியதன் விளைவா என்று எந்த மதிப்பீட்டாளரும் கேட்பார்.

எண்ணிக்கைக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஆல்ஃபா இல்லாத எலிக்குக் குட்டி பிறக்காது, ஆகவே மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று மட்டும் நீங்கியவற்றைத்தான் இணைசேர்க்க வேண்டும். நான்கில் ஒரு குட்டி நீக்கப்பட்டது, அதில் பாதி பெண். எட்டுக் குட்டிக்கு ஒன்று. ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டி வந்தால், உங்களுக்கு வேண்டிய எலி ஒன்று.

மருந்துகள்: சீக்கிரம் முடியும், சீக்கிரம் ஏமாற்றும்

சாதாரண எலி, நான்கைந்து குப்பி மருந்து, தமனித் துண்டு சுருங்கித் தளர்வதை அளக்கும் மையோகிராஃப் ஒன்று. இரண்டு மாதத்தில் முதல் வரைபடம் வந்துவிடும். ஆல்ஃபாவைத் தூண்ட பிபிடி, பீட்டாவைத் தூண்ட டிபிஎன், ஜிபெரைத் தூண்ட ஜி-1, அதைத் தடுக்க ஜி-15 அல்லது ஜி-36. பிபிடி பீட்டாவைவிட ஆல்ஃபாவை ஏறக்குறைய 400 மடங்கு விரும்பிப் பிடிக்கும். டிபிஎன் பீட்டாவை விரும்புவது ஏறக்குறைய 70 மடங்குதான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமனி மூழ்கியிருக்கும் கரைசலில் டிபிஎன்னைத் தாராளமாக ஊற்றினால் ஆல்ஃபாவும் விழித்துக்கொள்ளும். நீங்கள் பீட்டா என்றே எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

பெரிய பொறி இன்னொன்று. ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் தடுக்க எல்லோரும் கையிலெடுப்பது ஃபுல்வெஸ்ட்ரன்ட். அது ஜிபெரைத் தூண்டும். டமாக்சிஃபெனும் அப்படியே. ஃபுல்வெஸ்ட்ரன்ட் போட்ட பிறகும் தமனி தளர்ந்தது என்றால் "பழைய இரண்டு ஏற்பிகளும் இதில் இல்லை" என்று முடிவுகட்டத் தோன்றும். தடுப்பானே தளர்த்தியிருக்கலாம். ஜிபெர் இல்லாத எலியிலோ, ஜி-36 சேர்த்தோ பார்க்காமல் அந்த வாக்கியத்தை எழுதக் கூடாது.

அடுத்தது அளவு. தமனியைக் கிண்ணத்தில் தொங்கவிட்டு ஈஸ்ட்ரடயால் (உடலின் முக்கிய ஈஸ்ட்ரோஜன்) ஊற்றினால் சில நிமிடத்தில் தளர்வதைப் பல ஆய்வுகளில் பார்க்கலாம், பெரும்பாலும் மைக்ரோமோலார் செறிவில். ஒரு மைக்ரோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 272 நானோகிராம். பெண் சுண்டெலியின் ரத்தத்தில் ஓடுவது சில பிகோகிராமிலிருந்து சில பத்து பிகோகிராம் வரை. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அந்தச் செறிவில் ஈஸ்ட்ரடயால் தசைச் செல்லின் கால்சியம் வாயில்களை நேராகவே அடைக்கும், ஏற்பியே தேவைப்படாது.

இந்த இடத்தில் மையோகிராஃபைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். குடலைத் தாங்கும் சவ்வில் விசிறிபோல விரியும் தமனிகளில் இரண்டாம் கிளை, ஏறக்குறைய 200 மைக்ரோமீட்டர் விட்டம். கொழுப்பை நீக்கி இரண்டு மில்லிமீட்டர் துண்டு வெட்டி, 40 மைக்ரோமீட்டர் கம்பி இரண்டை உள்ளே நுழைத்து இரு தாடைகளில் கட்டவேண்டும். கம்பி ஒருமுறை உரசினால் போதும், உள்சுவரில் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள் உரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சுருக்கும் மருந்தான ஃபீனைலெஃப்ரின் போட்டால் தமனி நன்றாகவே சுருங்கும். அப்புறம், எண்டோதீலியம் இருந்தால் மட்டும் தளர்த்தும் அசிட்டைல்கோலினைப் போடும்போதுதான் உண்மை தெரியும்: கோடு சரியவேண்டிய இடத்தில் நேராக ஓடிக்கொண்டிருக்கும். என்னுடைய முதல் மாதத்தில் இப்படி நேராக ஓடிய கோடுகளை ஆல்ஃபா நீக்கத்தின் விளைவு என்று நினைத்து மகிழ்ந்தேன். மூத்தவர் ஒருவர் சாதாரண எலியின் கோட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதுவும் நேராகவே ஓடியது. கோளாறு ஏற்பியில் இல்லை, என் கையில் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டிலும் மூன்று சோதனை: பொட்டாசியம் மிகுந்த கரைசலில் தசை உயிரோடிருக்கிறதா, அசிட்டைல்கோலினில் எண்டோதீலியம் இருக்கிறதா, கடைசியில் நைட்ரோபுரசைடில் எண்டோதீலியம் இல்லாமலே தசைக்குத் தளரத் தெரிகிறதா. மருந்தைக் கரைத்த எத்தனால் மட்டும் ஊற்றிய துண்டு ஒன்றும் கட்டாயம். எத்தனாலே சில தமனிகளைத் தளர்த்தும்.

மருந்தும் நீக்கமும் முரண்படும்போது யாரை நம்புவது? ஜிபெரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி-1 கொடுத்தால் தமனி தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. நல்ல ஏற்பி என்று தோன்றும். ஜிபெர் நீக்கிய எலிகளை 2009க்குள் நான்கு குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. ஒன்றில் வயதான பெண் எலிக்கு அழுத்தம் ஏறியது, மற்றவற்றில் அப்படித் தெளிவாக எதுவும் வரவில்லை. 2016இல் இன்னோர் ஆய்வு வந்தது: ஜிபெர் இல்லாத கிழ எலிகளின் இதயமும் ரத்தக்குழாயும் சாதாரணக் கிழ எலிகளைவிட நன்றாக இருந்தன. காரணம், சூப்பராக்சைடு உண்டாக்கும் நாக்ஸ்1 என்ற நொதி நிலைத்திருக்க ஜிபெர் வேண்டியிருக்கிறது. ஏற்பி இல்லையென்றால் அந்த நொதியும் குறைகிறது. மருந்து சொல்வது இந்த நிமிடத்தின் கதை, நீக்கம் சொல்வது ஆயுளின் கதை. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்க வேண்டியதில்லை. எதைக் கேட்டோம் என்று எழுதினால் போதும்.

ஒரே செல்லில் நீக்குவது

கேட்க அழகாக இருக்கும் வழி இதுதான். லாக்ஸ்-பி என்ற டிஎன்ஏ குறிகளுக்கு நடுவே ஏற்பியின் எக்ஸானை வைத்து, அந்தக் குறிகளில் வெட்டும் கிரி நொதியை எண்டோதீலியத்தில் மட்டும் ஓடவிட்டால் அங்கே மட்டும் அறுபடும். மற்ற உறுப்புகள் அப்படியே இருப்பதால் ஹார்மோன் அளவு தாறுமாறாகாது. "தசையிலா, எண்டோதீலியத்திலா?" என்ற கேள்விக்கு இது ஒன்றுதான் நேரான வழி. தமனிக்கொழுப்புப் படிவைத் தடுக்க எண்டோதீலிய ஆல்ஃபா வேண்டும் என்று தெரிந்தது இப்படித்தான்.

ஆனால் "எண்டோதீலியத்தில் மட்டும்" என்பதைச் சந்தேகத்தோடு படிக்கவேண்டும். எண்டோதீலியத்துக்கென்று அதிகம் புழங்கும் டை2-கிரி ரத்தச் செல்களிலும் அறுக்கும், இரண்டு வகைச் செல்லுக்கும் மூதாதை ஒன்று என்பதால். மேக்ரோஃபேஜ் என்ற ரத்தவழிப் பாதுகாப்புச் செல் கலந்துகொள்ளும் எந்தச் சோதனையிலும் எலும்பு மஜ்ஜையை மாற்றிப் பார்க்காமல் அது எண்டோதீலியம்தான் என்று சொல்ல முடியாது.

இதைத் தவிர்க்க, வளர்ந்த எலியில் டமாக்சிஃபென் கொடுத்து இயக்கும் கிரி இருக்கிறது. மற்ற துறைகளில் அது வரப்பிரசாதம். நம் துறையில் ஒரு வேடிக்கை. அந்தக் கிரியோடு ஒட்டியிருப்பதே மாற்றம் செய்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் ஒரு துண்டு. எலியின் சொந்த ஈஸ்ட்ரோஜன் அதில் ஒட்டாதபடி மாற்றியிருப்பதால் அந்தப் பக்கம் பயமில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் டமாக்சிஃபென் உடம்பு முழுவதும் உள்ள உண்மையான ஆல்ஃபாவிலும் பீட்டாவிலும் போய் ஒட்டும், ஜிபெரையும் தட்டும். எந்த ஏற்பியைப் படிக்க வந்தோமோ அதன் மருந்தையே ஐந்து நாள் ஊசி போட்டுவிட்டு ஆரம்பிக்கிறோம். சில வாரம் காத்திருந்தும், ஒப்பீட்டு எலிகள் எல்லாவற்றுக்கும் அதே ஊசி போட்டும் சமாளிக்கலாம். சமாளிப்புதான் அது.

தசைச் செல்லுக்கு இன்னும் மோசம். வெகுகாலம் எல்லோரும் பயன்படுத்திய, மையோசின் கனச் சங்கிலி மரபணுவின் தொடக்கப் பகுதியால் இயங்கும் டமாக்சிஃபென் கிரி, செருகப்பட்டபோது ஒய் குரோமோசோமில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆண் எலியில் மட்டும்தான் வேலை செய்யும். ஈஸ்ட்ரோஜன் ஆய்வுக்குப் பெண் எலி கிடையாது என்றால் என்ன சொல்வது? இப்போது இன்டெக்ரின் ஆல்ஃபா-8 மரபணுவைச் சார்ந்த கிரி வந்திருக்கிறது, இரண்டு பாலிலும் இயங்கும். தசைப் பக்கம் போகிறீர்கள் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இடத்தை மட்டும் மாற்றுவது

எனக்கு மிகப் பிடித்த வழி நான்காவதுதான், பாரபட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுண்டெலி ஆல்ஃபாவின் 451ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதில் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கொக்கிபோல மாட்டிக்கொண்டுதான் ஏற்பி சவ்வில் தொங்குகிறது. அந்தச் சிஸ்டீனை அலனின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றிய எலியை 2014இல் ஃபிரான்ஸ் குழுவொன்று வெளியிட்டது. ஏற்பி இருக்கிறது, உட்கருவில் வேலையும் பார்க்கிறது, சவ்வில் மட்டும் தங்காது. கருப்பையில் மரபணு இயக்கம் பெரும்பாலும் பழையபடியே. ஆனால் எண்டோதீலியத்திலிருந்து வந்து தமனியைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை ஈஸ்ட்ரடயால் உடனே தூண்டுவதும், காயம்பட்ட கழுத்துத் தமனியில் எண்டோதீலியம் வேகமாக மூடிக்கொள்வதும் போய்விட்டன. மறுபக்கத்தில், உட்கரு வேலைக்குத் தேவையான ஏஎஃப்-2 பகுதியைக் கெடுத்த எலியில் கொழுப்புப் படிவிலிருந்து பாதுகாப்பு போய்விட்டது. சவ்வை இழந்த எலியில் அது போகவில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சினால் ஏறும் அழுத்தத்திலும் இதே பிரிவினை.

ஆக ஒரே ஆல்ஃபா, ஒரே செல், இரண்டு முகவரி. காயம் ஆறுவதைச் சவ்வு முகவரியும், நாட்பட்ட பாதுகாப்பை உட்கரு முகவரியும் பார்த்துக்கொள்கின்றன. இதை நாக்அவுட் ஒருபோதும் காட்டியிருக்காது. ஏற்பியே இல்லாத எலியில் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். மருந்தில் இதற்கு இணை, ஈஸ்ட்ரோஜனை டென்ட்ரைமர் என்ற பெரிய மூலக்கூறில் கட்டி உட்கருவுக்குள் நுழையாதபடி செய்தது. 2010இல் அது கருப்பையை வளர்க்காமல் தமனியை மட்டும் காத்தது. குறை என்னவென்றால், பீட்டாவுக்கும் ஜிபெருக்கும் இந்த அளவு நுட்பமான எலிகள் புழக்கத்தில் இல்லை. 451 மாற்றிய எலியிலும் பெண் மலடு என்பதால் வளர்ப்புச் சிக்கலும் முழு நீக்க எலிக்கு உள்ளதேதான்.

எதை எடுப்பது

எட்டு மாதத்தில் ஆய்வேடு முடிக்கவேண்டிய முதுகலை மாணவர் என்றால் மருந்துதான், வேறு பேச்சில்லை. பிபிடி, டிபிஎன், ஜி-1 மூன்றையும் நானோமோலார் அளவிலிருந்து ஏற்றிப் பாருங்கள், நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும் எல்-நேம் போட்டு அதன் பங்கைப் பிரியுங்கள், வேறொரு ஆய்வகத்திலிருந்து முழு நீக்கத் தமனி நான்கைந்து கேட்டு வாங்கி முக்கியமான ஒரே ஒரு புள்ளியை உறுதிசெய்யுங்கள். மூன்று, நான்கு வருடம் உள்ள முனைவர் மாணவர் முழு நீக்கத்தில் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. ஆல்ஃபா தேவையா என்ற கேள்விக்கு விடை வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இடம் பற்றிய கேள்வி என்றால் நேராக 451 எலிக்குப் போங்கள், செல் பற்றிய கேள்வி என்றால் கிரிக்கு. பீட்டா மட்டும் விதிவிலக்கு. அங்கே சுத்தமான முழு நீக்க எலியில் செய்யவேண்டிய அடிப்படை வேலையே இன்னும் இருக்கிறது. பீட்டா புரதத்தைத் திசுவில் சாயமேற்றிக் காட்டும் எதிர்ப்பொருள்கள் 13ஐ 2017இல் சோதித்ததில், நம்பத்தக்கதாக மிஞ்சியது ஒன்று. பழைய "பீட்டா இங்கே இருக்கிறது" படங்களில் எத்தனை நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ரத்த அழுத்தம் அளப்பதில் வாலில் மாட்டும் பட்டையா, உடலுக்குள் பதித்து அளவை வெளியே அனுப்பும் டெலிமெட்ரியா என்று நீண்ட விவாதம் தேவையில்லை. வால் பட்டைக்கு எலியைக் குழாயில் அடைத்துச் சூடாக்கவேண்டும், அந்தப் பதற்றமே அழுத்தத்தை ஏற்றும். பாதரச அளவில் பத்து மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம் எதிர்பார்த்தால் டெலிமெட்ரி. பணமில்லை என்றால் அழுத்தத்தை விட்டுவிட்டு மையோகிராஃபோடு நில்லுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் எலி வந்திறங்கும் முன் தீவன மூட்டையின் சீட்டைப் படியுங்கள். வழக்கமான தீவனத்தில் சோயா இருக்கும். சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் பீட்டாவை விரும்பிப் பிடிக்கும் தாவர ஈஸ்ட்ரோஜன். சினைப்பையை எடுத்து, ஹார்மோனை அளந்து அளந்து கொடுத்துவிட்டு, தினமும் தட்டில் இன்னொன்றை வைத்துக்கொண்டிருப்போம். சோயா இல்லாத தீவனத்துக்கு எலி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.